ஆறு மணி அறைக்கு ஐந்து மணிக்குப் போனோம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு தலையணை உறைக்குள் கிடைத்தது. அழகுக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே உறைக்குள்.

நானும் அம்மாவும் ஒரு சலவைக்கூடத்தில் வேலை செய்கிறோம். ஓட்டல்களின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் எங்களிடம் வரும். தங்கிப் போனவர்கள் எதையாவது உள்ளே விட்டிருப்பார்கள். கம்மல், மாத்திரை அட்டை, ஒருமுறை ஒரு பல்செட். அதனால் துவைப்பதற்கு முன்னால் ஒவ்வோர் உறையையும் தலைகீழாகப் பிடித்து உதற வேண்டும். அன்றைக்கு உதற வேண்டியவள் நான். ஒரு வாக்கியத்தை யோசித்துக்கொண்டு உதறாமல் போட்டுவிட்டேன். அதனால் உள்ளே இருந்த ஒரு சின்ன அட்டை துவைத்து, அலசி, உலர்ந்து, ஓரமெல்லாம் பிய்ந்து என் கைக்கு வந்தது.

மிச்சமிருந்த எழுத்துகள் இவ்வளவுதான்: குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு, புதன்கிழமை, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி மாடி. நேரம் அழிந்துபோயிருந்தது. தொலைபேசி எண்ணில் முதல் நான்கு எண்கள் இருந்தன. முழு எண் இருந்திருந்தாலும் நான் கூப்பிட்டிருக்க மாட்டேன். முன்பின் தெரியாதவரிடம் பேசுவதைவிட எனக்குப் பல் பிடுங்கிக்கொள்வது எளிது.

(அந்த வாக்கியம் எது என்று கேட்காதீர்கள். மறந்துவிட்டது. அத்தனை நல்ல வாக்கியமாக இருந்திருக்காது.)

2

நல்ல தொடக்கம் வேண்டும் என்று இந்த நோட்டில் ஐந்து பக்கம் வீணாக்கியிருக்கிறேன். அடித்தவற்றை மறைக்காமல் விடுகிறேன்.

தொடக்கம் ஒன்று: "வானம் இருண்டிருந்தது, அவள் உள்ளத்தைப் போலவே, அப்போது..."

இல்லை. அன்றைக்கு நல்ல வெயில். விரிப்பெல்லாம் மதியத்துக்குள் காய்ந்துவிட்டது.

தொடக்கம் இரண்டு: "அப்பா அன்றும் குடித்துவிட்டு வந்தார்."

இது நன்றாக ஓடியது. மூன்று பக்கம் நிற்காமல் எழுதினேன். அப்பா கதவை உதைத்தார். தட்டை வீசினார். பிறகு என் தலையைத் தடவிக்கொண்டே அழுதார். படிக்கிறவர்களுக்கு நன்றாகப் பழகிய மனிதர், யாரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். சிக்கல் ஒன்றுதான். எனக்கு அப்பா கிடையாது. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார். ஆக, குடிப்பதற்கென்றே ஓர் அப்பாவை உண்டாக்கி வைத்திருந்தேன்.

பாவம், அந்த மனிதரைக் கதையிலிருந்து அனுப்பிவிடுகிறேன். எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

தொடக்கம் மூன்று: குடித்தது அம்மா.

3

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு இரண்டு நாள் இந்தப் பக்கமே வரவில்லை.

குடிக்கிற அப்பாவை எழுதினால் படிக்கிறவர் பரிதாபப்படுவார். குடிக்கிற அம்மாவை எழுதினால் முகத்தைச் சுளிப்பார். எனக்குத் தெரியும், நானே சுளித்திருக்கிறேன். அதோடு, அம்மாவை எப்படி எழுதுவது என்றும் தெரியவில்லை. அவள் கதவை உதைத்ததில்லை. அவள் குடித்தால் வீடு சுத்தமாகும். அலமாரியில் இருப்பதையெல்லாம் இறக்கித் துடைத்து, மறுபடி அடுக்கி, மறுபடி இறக்குவாள். நான் வெளியே போய்விட்டு வரும்போது ஜன்னல் கம்பி பளபளவென்று இருந்தால் எனக்குப் புரிந்துவிடும். இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

வேலையிடத்தில்தான் வெளியே தெரிய ஆரம்பித்தது. பெரிய விரிப்பை ஒருவரால் மடிக்க முடியாது. எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு நுனி பிடிக்க வேண்டும். இழுத்து, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து நுனிகளைச் சேர்க்க வேண்டும். அம்மாவின் பக்கம் நுனி நழுவிக்கொண்டே இருந்தது. அவளுக்கு ஜோடியாக நின்றவள் சூப்பர்வைசரிடம் போய், "எனக்கு வேற ஆள் குடுங்க" என்றாள். அப்போது நான் பள்ளியை விட்டு வீட்டில் இருந்தேன். எதிர் நுனிக்கு நான் வந்தேன்.

(பள்ளியை ஏன் விட்டேன்? கணக்கு வரவில்லை. கேட்பவர்களிடம் அப்படித்தான் சொல்வேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.)

அட்டையை அம்மாவிடம் காட்டிய இடத்தை எட்டு முறை எழுதிப் பார்த்தேன். ஏழு முறை நான் நீளமாகப் பேசினேன். நடந்தது இதுதான். விரிப்பை மடித்து நடந்து போய், நுனியோடு சேர்த்து அட்டையையும் அவள் கையில் வைத்தேன்.

"என்னடி இது?"

"உறைக்குள்ள இருந்துச்சு."

"உதறாம போட்டியா? சூப்பர்வைசரம்மா பாத்தா நம்மளையும் சேத்துத் தொவச்சுடுவா."

"படிம்மா."

படித்தாள். சின்ன அட்டைதான். ரொம்ப நேரம் படித்தாள்.

"யாருக்கு இது?"

நான் பின்னால் நடந்து அடுத்த விரிப்பை எடுத்தேன்.

"வாயத் தெறந்து ஒரு வார்த்த சொல்ல மாட்டியே. ஊமக்கோட்டான். உன்ன பெத்ததுக்கு ஒரு செவுத்தப் பெத்திருக்கலாம், எதிரொலியாவது வரும்."

மூன்று விரிப்பு மடித்தோம். நான்காவதில் நாங்கள் நெருங்கி வந்தபோது என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"எத்தன மணிக்காம்?"

4

அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிப்பது என் பொறுப்பாயிற்று. படியேறிப் போய்க் கேட்டால் ஒரு நிமிட வேலை. நான் இரண்டு புதன்கிழமை எதிர்ச் சாரியில் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து வேவு பார்த்தேன். வந்த பேருந்தெல்லாம் எனக்காக நின்று, திட்டிவிட்டுப் போனது.

இரண்டு வாரமும் ஐந்து மணிக்குச் சிலர் அந்த மாடிக்கு ஏறினார்கள். எல்லாரும் தலையைக் குனிந்திருந்தார்கள். கையில் சின்னப் புத்தகம். உதடுகள் ஏதோ முணுமுணுத்தன. ஒரு பெண் படியில் நின்று கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சொல்லிப் பார்த்துவிட்டு ஏறினாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எத்தனை பேர், எவ்வளவு மன உறுதி! நோட்டில் அவர்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். அதில் "தவம்" என்ற சொல் இரண்டு முறை வருகிறது.

அம்மாவிடம் போய், "அஞ்சு மணி" என்றேன்.

(ஆறு மணி வரை நான் உட்கார்ந்திருந்தால் போதும், எல்லாம் விளங்கியிருக்கும். இரண்டு முறையும் ஐந்தே காலுக்கு எழுந்து ஓடிவிட்டேன். அம்மா தனியாக வீட்டில் இருந்தாள். ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருப்பாளோ என்ற பயம்.)

5

புதன்கிழமை. அம்மா காலையிலிருந்து குடிக்கவில்லை. முகம் வெளிறி, மேலுதட்டில் வியர்வை. இஸ்திரி போட்ட உடை உடுத்தியிருந்தாள். படிக்கட்டில் மூன்று முறை நின்றாள். மூன்றாவது முறை, "வயித்த என்னமோ பண்ணுதுடி, அடுத்த வாரம் வரலாம்" என்றாள். அடுத்த வாரம் என்று ஒன்று வராது என்பது இருவருக்கும் தெரியும். நான் அவள் பின்னால் நின்றேன். படி குறுகல், என்னைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். வாய் திறக்காதவளுக்கு உடம்பாவது குறுக்கே நிற்கத் தெரிய வேண்டும் அல்லவா.

அறையில் பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். மூலையில் இரும்புத் தண்டில் பொருத்திய ஸ்டியரிங். சுவரெல்லாம் சாலைக் குறிகள். வாடகைக்கு எடுத்த அறை, அதனால் இதெல்லாம் இருக்கிறது என்று நினைத்தேன். முன்னால் கையில் குச்சியோடு ஒருவர், வழுக்கை, கனிவான முகம்.

"புதுசா வந்திருக்கீங்களா? வாங்க, வாங்க. கூச்சமே வேண்டாம். இங்க இருக்கிற எல்லாரும் எங்கயாவது போய் இடிச்சுட்டு வந்தவங்கதான்."

சிலர் சிரித்தார்கள். அம்மாவின் தோள் கொஞ்சம் இறங்கியது.

"ஏன் வந்தீங்கன்னு ரெண்டு வார்த்த சொல்லுங்கம்மா. எல்லாரும் சொல்லுவாங்க, அது நம்ம பழக்கம்."

"பேரு சொல்லணுமா?"

"இஷ்டம்னா சொல்லுங்க."

அம்மா எழுந்தாள். முன்னிருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன், ஒரு சொல் என்னுடையது இல்லை.

"நான் குடிக்கிறேன். ஒம்போது வருஷமா. வேலைக்குப் போறப்பவும் குடிச்சிருக்கேன். இவ எம் பொண்ணு. இவளுக்கு எல்லாம் தெரியும். இதுவரைக்கும் என்ன ஒரு வார்த்த கேட்டதில்ல. கேட்டா திட்டிட்டுப் போயிடுவேன். கேக்கவே மாட்டேங்கிறா. அதத்தான் தாங்க முடியல. நிறுத்தணும். எப்படின்னு எனக்குத் தெரியல."

யாருடைய மடியிலிருந்தோ புத்தகம் விழுந்தது. முன்னால் நின்றவரின் குச்சி சுவரில் ஒரு குறியின் மேல் நின்றுபோயிருந்தது. எந்தக் குறி என்று எழுதினால் நான் ஜோடித்தேன் என்பீர்கள். விட்டுவிடுகிறேன்.

"அம்மா," என்றார் அவர், குரல் ரொம்பத் தணிந்து. "இது டிரைவிங் கிளாஸ். நீங்க சொல்றது ஆறு மணிக்கு."

[இங்கே எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள் என்று ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். யாரும் தட்டவில்லை.]

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். "நீதானடி வந்து பாத்தே?"

எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. அவள் இப்போது இறங்கிப் போவாள், இனி எந்தப் படியும் ஏறமாட்டாள், எல்லாம் என்னால்தான் என்று நினைத்தேன். முன்வரிசையில் காய்கறி வண்டிக்கார அக்கா ஒருத்தி இருந்தாள். கீழே விழுந்த புத்தகம் அவளுடையது. அவள் நாற்காலியைச் சரக்கென்று நகர்த்தினாள்.

"அதுக்கென்ன இப்போ? ஒரு மணி நேரம்தானே. உக்காருங்க. நான் இந்தக் குறியெல்லாம் நாலு மாசமா மனப்பாடம் பண்றேன், மண்டையில ஏறல. நீங்க சொன்னதுல பாதி தைரியம் எனக்கு இருந்தா எப்பவோ பாஸாயிருப்பேன்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மூக்கு வழியாக ஒரு சத்தம், பிறகு அடக்க முடியாமல், கண்ணில் நீர் வழிய. வாத்தியார் சிரித்தார். அறையே சிரித்தது. அம்மா உட்கார்ந்தாள். வகுப்பு முழுவதும் இருந்தாள். ரவுண்டானாவில் முதலில் யாருக்கு வழி என்று வாத்தியார் கேட்டபோது, "உள்ள சுத்திக்கிட்டிருக்கிறவனுக்கு" என்று அம்மாதான் முதலில் சொன்னாள். சரியான விடை.

ஆறு மணிக்கு எல்லாரும் இறங்கிப் போனார்கள், ஒருவரைத் தவிர. கடைசி வரிசையில் தங்க நிறச் சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடியோடு ஒருவர் எழுந்து நின்றபடியே இருந்தார்.

"கிளாஸ் முடிஞ்சுது சார்," என்றார் வாத்தியார்.

"தெரியும்." அவர் அம்மாவைப் பார்த்தார். "நானும் ஆறு மணிக்காகத்தான் வரேன். ஆறு மாசமா. யாராவது பாத்தா என்ன சொல்றதுன்னு இந்த கிளாஸ்ல சேந்தேன். ஆறு ஆனதும் எல்லாரோடவும் இறங்கிப் போயிடுவேன். அம்மா, எனக்கு லைசென்சே வந்துடுச்சு."

"எங்கிட்ட வண்டியும் இல்ல, லைசென்சும் இல்ல," என்றாள் அம்மா. "நான் உக்காந்துட்டேன். நீங்க எதுக்கு நிக்கிறீங்க?"

அவர் உட்கார்ந்தார்.

6

ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரை:

[                                        ]

இது மறதி இல்லை. அந்த அறைக்கு ஒரு விதி உண்டு. கதவைச் சாத்துகிறவர் அதைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். இங்கே பேசியது இங்கேயே இருக்கும், இங்கே வந்தவர் பெயர் வெளியே போகாது. முதல் நாள் என்பதால் என்னையும் உட்கார விட்டார்கள். நான் கேட்டதையெல்லாம் அன்றே பதினொரு பக்கம் எழுதினேன். என் வாழ்க்கையிலேயே நன்றாக எழுதிய பதினொரு பக்கம். ஒரு வாரம் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தவித்துவிட்டு, அதைச் சலவைத் தொட்டியில் போட்டுக் கரைத்தேன். ஒரு வெள்ளைத் துண்டு நீலமாயிற்று. அதற்கும் திட்டு வாங்கினேன்.

இந்தக் கதையில் யாருக்கும் பெயர் இல்லாததற்கும் அதுதான் காரணம். ஆனால் அம்மா முதலில் வாய் திறந்து சொன்னது ஐந்து மணி அறையில். சாலைக் குறிகள் படிக்க வந்தவர்கள் முன்னால். அந்த விதி ஐந்து மணிக்குச் செல்லாது. ஆகவே அது என்னுடையது. நான் செய்த தவறுக்கு எனக்குக் கிடைத்த கூலி.

7

"அதற்குப் பிறகு அம்மா ஒரு சொட்டுகூடத்..."

இந்த வரியை முடிக்கவில்லை. பத்தொன்பதாவது நாள் குடித்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே, "கேளுடி" என்றாள்.

"ஏம்மா?" என்றேன். ஒன்பது வருடத்தில் முதல் முறை.

"தெரியல," என்றாள். "ஆனா புதன்கிழமை போவேன். நீ வர வேண்டாம். நீ கூட வந்தா உனக்காகப் போற மாதிரி இருக்கு."

போனாள். தனியாக, அந்தக் குறுகல் படியில், பின்னால் யாரும் நிற்காமல். என்னைக் கேட்டால் இந்தக் கதையின் உச்சம் அதுதான். ஆனால் நான் அங்கே இல்லை. எதையும் பார்க்கவில்லை. எழுத முடியாத இடத்தில் போய் ஜெயித்துவிட்டு வருவதே அவளுக்கு வழக்கமாகிவிட்டது.

அதற்கடுத்த புதன்களும் போனாள். ஐந்தரைக்கே கிளம்பிவிடுவாள். வீட்டில் அலமாரியின் மேல் தூசி படிந்தது. ஜன்னல் கம்பியில் சிலந்தி ஒன்று குடியேறியது. நான் அதைக் கலைக்கவில்லை.

8

கதையை இத்தோடு முடிக்கலாம் என்றிருந்தேன். ஆனால் அம்மாவின் வார்த்தைகளை அவளைக் கேட்காமல் எழுதியிருக்கிறேன் என்று உறுத்தியது. நான் எழுதுகிறேன் என்பதே அவளுக்குத் தெரியாது. கிழிந்த விரிப்புகளின் அடுக்குக்கு அடியில் ஒன்பது நோட்டுகள் வைத்திருக்கிறேன். ஒன்பதாவதை எடுத்துப் போய், உலர்த்தும் கொடிகளுக்கு நடுவில் அவளிடம் நீட்டினேன். நீட்டிவிட்டு ஒரு விரிப்புக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

அம்மா எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். துணிக்கு அந்தப் புறம் தாள் புரளும் சத்தம் கேட்டது. ஒரு இடத்தில் சிரித்தாள். பேருந்து திட்டிய இடமாக இருக்கும். பிறகு நோட்டை மூடும் சத்தம்.

"இங்க வா."

போனேன்.

"கணக்கு வராமயா பள்ளிக்கூடத்த விட்டே நீ?"

நான் கொடியைப் பார்த்தேன்.

"என்ன இவ்ளோ நல்லவளா எழுதி வச்சிருக்கே. அலமாரி தொடச்சாளாம், சிரிச்சாளாம். அத ஏன் எழுதல?"

"வேண்டாம்மா."

"எழுது. பென்சில எடு. நான் சொல்றேன், நீ எழுது."

ஆகவே எழுதுகிறேன். பத்தாம் வகுப்பில் ஒரு நாள் செல்போன் இருக்கிறதா என்று எல்லாருடைய பையையும் சோதித்தார்கள். என் பையின் பின்னறையில் ஒரு பாட்டில் இருந்தது, துண்டில் சுற்றி. வீட்டில் எங்கே தேடினாலும் என் பையில் நான் தேட மாட்டேன் என்று அம்மா அதை என் பையிலேயே ஒளித்துவைத்திருந்தாள், காலையில் எடுக்க மறந்துவிட்டாள். "யாருடையது?" என்று கேட்டார்கள். நான் வாயே திறக்கவில்லை. பெற்றவளை அழைத்து வா என்றார்கள். அம்மா வரவில்லை. அம்மா இல்லாமல் நானும் போகவில்லை. அவ்வளவுதான். கணக்கில் எனக்குத் தொண்ணூறுக்குக் குறைந்ததில்லை.

"அது உன்னோடதுன்னுதானே இன்னும் நெனச்சிட்டிருப்பாங்க?" என்றாள் அம்மா.

"தெரியாதும்மா."

"நாளைக்கு அர நாள் லீவு சொல்லிடு. ரெண்டு பேருக்கும்."

9

பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் தலை நிமிராமல் கேட்டார், "என்ன விஷயமா?"

"ஒரு பொருள விட்டுட்டுப் போயிட்டேன். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்," என்றாள் அம்மா.

"எப்போ?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

அவர் தலை நிமிர்ந்தது. எங்களைத் தலைமையாசிரியை அறைக்கு அனுப்பினார். நான் வாசலோடு ஒட்டிக்கொண்டேன். தலைமையாசிரியைக்கு என்னை அடையாளம் தெரிந்தது, முகம் இறுகியதிலிருந்தே புரிந்தது.

"உக்காருங்க," என்றார்.

"நின்னுக்கிட்டே சொல்லிடறேன் டீச்சர், எனக்கு நின்னு சொல்லித்தான் பழக்கம்." அம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்தாள். "அன்னிக்கு இவ பையில இருந்த பாட்டில் என்னோடது. நான் வச்சேன். வரச் சொன்னீங்க, வரல. அப்போ நான் குடிச்சிட்டிருந்தேன். இப்போ நூத்திப் பதினாலு நாளா தொடல. இவ பேர்ல ஏதாவது எழுதி வச்சிருந்தா என் பேர்ல மாத்தி எழுதிக்குங்க."

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ ஏம்மா அன்னிக்கே சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

வழக்கம்போலத் தரையைப் பார்த்தேன். அம்மா எனக்காகப் பேசுவாள் என்று காத்திருந்தேன். அவள் பேசவில்லை. எதிர் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பவள்போல் நின்றாள்.

"அது அம்மா சொல்ல வேண்டியது டீச்சர்," என்றேன். என் குரல் அந்த அறையில் இவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று எனக்குத் தெரியாது. "ஒரு நாள் வந்து சொல்லுவாங்கன்னு இருந்தேன். வந்துட்டாங்க."

10

முடிவு ஒன்று: நான் மறுபடி பள்ளியில் சேர்ந்து முதல் மதிப்பெண் வாங்கினேன், அம்மா மேடையில்...

அடித்துவிட்டேன். பரிசுக் கோப்பை எல்லாம் வேண்டாம், வீட்டில் வைக்க இடமில்லை.

முடிவு இரண்டு: "காலம் கடந்துவிட்டது" என்றார் தலைமையாசிரியை, இருவரும் தலை குனிந்து...

இதையும் அடித்துவிட்டேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நாங்கள் தலை குனிந்திருக்க மாட்டோம். அன்றைக்கு அந்தப் பள்ளி வாசலைத் தாண்டி அம்மா நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தெருவே அவளுக்காகப் போட்டதுபோல நடந்தாள்.

முடிவு மூன்று: தலைமையாசிரியை ஒரு படிவத்தைக் கொடுத்தார். அடுத்த மாதம் முதல் தேதிக்குள் கொடுத்தால் சேர்த்துக்கொள்வாராம். அம்மா தன் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். என் இடம் காலியாக இருக்கிறது. நான் போய்விட்டால் அவளோடு விரிப்பு மடிக்க வேறு ஜோடி தேவை. பழைய ஜோடிக்காரி நேற்று தானாகவே வந்து, "நான் நிக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். ஆகவே சாக்குச் சொல்லவும் வழியில்லை. என்னைவிடச் சின்னப் பெண்களோடு உட்கார வேண்டும், முதல் நாள் ஏன் வந்தாய் என்று கேட்டால் எழுந்து நின்று சொல்ல வேண்டும். நான் கையெழுத்துப் போடுவேனா? இவ்வளவு தூரம் என்னோடு வந்திருக்கிறீர்கள், என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நீங்களே முடிவு செய்யுங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா தலை வாரிக்கொண்டே எட்டிப் பார்க்கிறாள். இன்று புதன். மணி ஐந்தரை.

"முடிச்சுட்டியா?"

"இன்னும் இல்லம்மா."

"என் பங்குக்கு முடிவுன்னு எதையும் போட்டுடாத. நான் நாளைக்கும் எழுந்திரிச்சு நிறுத்தணும்."

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.